கானுக்குள் போன மருந்து

காலையில், வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மாத்திரையைத் தேடி அலுமாரியைத் திறந்த சுலோஜனா வெறுங்கையோடு திரும்பினாள்.

"ஊத்தத் தண்ணி போற கானுக்குள்ள கொட்டிட்டன்," என்றாள் மாமியார் ஆச்சிப்பிள்ளை. "அதக் குடிக்கிற காலத்தில புள்ள தங்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னத நானும் கேட்டன்தானே. என்ட மகனுக்கு வாரிசில்லாமப் பண்ணப் பாக்கிறியா...?"

சுலோஜனா கணவனைப் பார்த்தாள். உதயரூபன் தலை நிமிரவில்லை.

"அம்மா சொல்றதையும் ஒருக்காக் கேளன் புள்ள."

எந்தக் களிம்புக்கும் அடங்காத சொரியாசிஸ் அந்த மாத்திரைக்குத்தான் அடங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அவனுக்காக வாயை மூடிக்கொண்டாள். மாமியார் யாரிடமோ வாங்கி வந்த எண்ணெயைப் பூசினாள். செதில்கள் மளமளவென்று உதிர்ந்தன. வவுணதீவு ஊர் முழுக்க ஆச்சிப்பிள்ளை பெருமை பேசித் திரிந்தாள். எண்ணெய் முடிந்த வாரமே உடம்பு முழுவதும் தீயாய்ச் சிவந்து உரிந்தது. குளிரில் நடுங்கியவளை ஓட்டோவில் ஏற்றி மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"எண்ணெயில கடுமையான ஸ்டீரொயிட் கலந்திருக்கும். திடீரெண்டு நிப்பாட்டினதும் நோய் பொங்கிட்டு," என்றார் டொக்டர் பர்ஸானா. "குடிச்ச மாத்திரைய ஏன் விட்டீங்க?"

"அவ மறந்திட்டா டொக்டர்," என்றான் உதயரூபன்.

அந்தப் பொய்யைக் கேட்டபடி அவள் படுத்திருந்தாள். உரிந்த தோல் ஆறினாலும் இது ஆறாது என்று அப்போதே தெரிந்தது.

மறுநாள் டொக்டர் தனியாக வந்து உட்கார்ந்தார். "இப்ப கெதியா அடக்கிற வேற மாத்திரை இரிக்கு. பிறஷரும் கிட்னியும் பாத்துப் பாத்துத்தான் தரணும். அதுக்கும் கேக்காட்டி ஊசி. புள்ள வேணுமெண்டு நினைக்கக்குள்ள சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி மருந்த மாத்தலாம்."

பிள்ளைக்கு வழி இருந்தது. யாரும் கேட்கத்தான் இல்லை.

தோல் தேறி அவள் வீடு வந்தபோது, விறாந்தையில் ஆச்சிப்பிள்ளை கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்த பெண் வீட்டாரோடு மகனுக்கு இரண்டாம் கலியாணம் பேசிக்கொண்டிருந்தாள். சுலோஜனா நேரே வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது என்ட அம்மா தந்த சீதன வீடு. மாமி, என்ட மருந்த என்ன செய்தீங்கெண்டு இவங்களுக்குச் சொல்லுங்க."

ஆச்சிப்பிள்ளை முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"நான் கும்பிட்டுக் கேக்கிறன் மகள்..." என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"மகளெண்டு இண்டைக்குத்தான் தெரியுதா? உங்கட உடுப்ப அடுக்குங்க, மாமி."

உதயரூபன் அழுதான். "என்னையும் போகச் சொல்றியா?"

"ஓம். திரும்பி வாறதெண்டா, கிளினிக்குக்கு வந்து டொக்டருக்கு முன்னால உண்மையச் சொல்லிட்டு வாங்க."

அடுத்த கிளினிக் நாளில் அவன் வந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது.

"அவ மறக்கல்ல டொக்டர்," என்றான் மெதுவாக. "அம்மாதான் கொட்டினவ. நான் பாத்துக்கொண்டு இருந்தன். மறுகா உங்களிட்டப் பொய்யும் சொன்னன்."

சுலோஜனா திரும்பிப் பார்க்கவில்லை.

"கேக்கல்ல," என்றாள். "சத்தமாச் சொல்லுங்க."

அவன் சொன்னான். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குரல் உடைந்து அவன் முடித்தபோது அவள் கண்ணும் நிறைந்திருந்தது. துடைத்துக்கொண்டு, தான் இருந்த நீள மர வாங்கில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.