முனிக்கு நேர்ந்த சேவல்

கஸ்தூரிக்கு முட்டி இரண்டும் காலையிலிருந்தே கழன்றுகொண்டிருந்தன. யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்கு ஆகும் செம்பனைக் குலை தூக்கித் தூக்கித் தேய்ந்த முட்டி அது. மேடு ஏறும்போது பொறுத்துக்கொள்ளும், இறங்கும்போது பழி வாங்கும். இப்போது இறக்கம். மெர்சிங் கரைக்கு எதிரே இருந்த அந்தத் தீவின் குன்றிலிருந்து படகுத்துறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில், நடைச் சுற்றுலா வந்தவர்களில் யாரும் பின்தங்கிவிடாமல் கடைசி ஆளாக நடந்து வருவதுதான் அவள் வேலை.

அவளுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவியது.

தொண்டை அடைத்த கூவல். கடைசி இழுப்பு வராமல் பாதியில் அறுந்தது.

"இங்க யாரும் கோழி வளக்குறாங்களா?" என்று முன்னால் போன அழகம்மை திரும்பினாள். ஜொகூர் பாருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் உலகப்பனின் மனைவி. கல்யாண நாளுக்காக இருவரும் வந்திருந்தார்கள்; இன்றைய கூட்டமே அவர்கள்தான்.

"காட்டுக்கோழியா இருக்கும், ஆச்சி."

பொய். காட்டுக்கோழி கூவுவதும் வீட்டுச் சேவல் கூவுவதும் தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா? இந்தத் தீவில் வீடும் இல்லை, கோழியும் இல்லை.

எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த ரூபேந்திரன்தான் இந்தச் சுற்றுலாவின் முதலாளி. பெர்மாஸ் ஜெயா ஊர்க்காரன், வாய்ச்சாலகன். படகுத்துறைக்கு மேலே பாதை தொடங்கும் இடத்தில் கடற்கரைக் கல் ஒன்றை நட்டு, மஞ்சள் பூசி, கடையில் வாங்கிய சூலத்தைக் குத்தி, முனி என்று பெயர் வைத்தவன் அவன். அந்தக் காலத்துத் தோட்டத்துச் சனம் காடு வெட்டப் போகும்முன் முனிக்குச் சேவல் நேர்ந்துகொள்ளும், பத்திரமாக வெளியே வந்ததும் அறுக்கும். அந்த நேர்ச்சையைக் கஸ்தூரியின் வாயால் சொல்ல வைப்பான்.

"நீங்க சொன்னாத்தான் ஒரிஜினலா இருக்குக்கா. வெள்ளைக்காரன் வாயப் பொளந்துகிட்டு வீடியோ எடுக்குறான் லா."

அவளும் கூட்டம் தவறாமல் சொன்னாள். அப்பன் சொன்ன அதே ராகத்தில். "நல்லபடியா எறக்கி விடுப்பா, கருஞ்சேவல் தாறேன்." சேவல் மட்டும் ஒரு தடவைகூடத் தீவுக்கு வந்ததில்லை. கேட்டதற்கு, "படகுல கோழி ஏத்துனா நாறும்க்கா. கல்லு நான் வச்சதுதானே, அதுக்கு என்னா தெரியும்?" என்றான். அவளும் சிரித்து வைத்தாள். முட்டி போனவளை எந்தத் தோட்டம் வேலைக்கு எடுக்கும்?

மரங்களுக்கு அடியில் வெளிச்சம் பழுத்து மங்கிக்கொண்டிருந்தது. ஈர இலையின் மக்கல், கீழேயிருந்து வந்த கடலின் உப்பு, அவற்றோடு எங்கிருந்தோ புதிதாக ஒரு வாசனை, செம்புத் தண்ணீரில் கரைத்த பச்சை மஞ்சளின் வாசனை, மூக்கில் ஏறியது. சில்வண்டுகள் ஒரே அடியாக வாயை மூடிக்கொண்டன.

"அலமாக்!" ரூபேந்திரன் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. "மழை வருதுபோல."

வானம் வெறுமையாக இருந்தது. அவனைச் சுற்றித் தரை காய்ந்து கிடந்தது.

கோயிலில் சேவல் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது சிலிர்த்துத் தலையை ஆட்டினால்தான் உத்தரவு. ஆட்டாதவரை கத்தியை எடுக்கக் கூடாது.

"தம்பி, ஆட்டாத—"

ரூபேந்திரன் தலையை உதறினான். தோளிலிருந்து முடிவரை ஒரு சிலிர்ப்பு. மஞ்சள் துளிகள் இலைகளில் பட்டுத் தெறித்தன.

"என்னாக்கா?" சிரித்தபடி திரும்பி, வளைவைக் கடந்து போனான்.

அவன் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"தம்பி!" கஸ்தூரி குரல் கொடுத்தாள். "ரூபேந்திரா!"

"முன்னால போயிருப்பாரு, வாங்க," என்றார் உலகப்பன். நடையில் அவசரம் ஏறியிருந்தது. அழகம்மை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கஸ்தூரி கடைசியாக வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொன்று வந்தது. காய்ந்த இலையைக் கீறிக் கீறி. அவள் நின்றால் அதுவும் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வளைவு. இன்னொரு வளைவு. மரங்கள் விலகின. கீழே படகுத்துறை. படகின் விளக்குகூடத் தெரிந்தது.

நடுவில் அந்தக் கல்.

கல்லின் அடியில் ரூபேந்திரன் ஒருக்களித்துக் கிடந்தான். கணுக்கால் இரண்டையும் வாழைநாரால் கட்டியிருந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால், ஒன்றுக்குள் ஒன்றாக, சேவலின் இறக்கையை முறுக்கி மடக்குவதுபோல மடக்கியிருந்தது. கண் திறந்திருந்தது. இமை அசைந்தது.

"தம்பி..."

அவன் வாயைத் திறந்தான். கழுத்து நீண்டது. கூவினான்.

அதே கூவல். பாதியில் அறுந்தது.

அழகம்மை அலற வாயெடுத்தாள். அலறவில்லை. அவள் தலையில் தண்ணீர் விழுந்தது. உலகப்பன் தலையில் விழுந்தது. குளிர்ந்து, மஞ்சள் மணத்தோடு, கஸ்தூரியின் பிடரியிலும் விழுந்தது.

"தலைய ஆட்டாதீங்க." உதடு மட்டும் அசைந்தது. "ஆச்சி. ஐயா. சிலுக்கவே கூடாது."

"எவ்ளோ நேரம்?" அழகம்மையின் பல் கிட்டியது.

கஸ்தூரிக்குத் தெரியாது. கோயிலில் ஆட்டாத சேவலை யாரும் விட்டு நகர்வதில்லை. மறுபடியும் தெளிப்பார்கள். ஆட்டும்வரை தெளிப்பார்கள்.

மறுபடியும் விழுந்தது.

கடலிலிருந்து காற்று கிளம்பியது. கீழே படகுக்காரன் ஊதினான். பொறுத்துப் பார்த்தான். இன்னொரு முறை ஊதினான். எஞ்சின் உறுமி, தேய்ந்து, போயே போனது.

மூன்று பேரும் நின்றார்கள். புருவத்தில் மஞ்சள் தண்ணீர் சொட்டியது. கஸ்தூரியின் முட்டி தானாக நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் தொடைக்கு ஏறியது. இடுப்புக்கு ஏறியது.

காலடியில் நார்கள் கிடந்தன. புதிதாக உரித்தவை.

வாயால் சொன்னவள் அவள்தான். கூட்டிவந்த கூட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கருஞ்சேவல். எல்லாமே பாக்கி.