பின்வாசல்

ஆஸ்பத்திரியின் கணினி அறைக்குள் அவன் நுழைந்தபோது நல்ல மத்தியானம். ஜன்னலே இல்லாத அறையில் மத்தியானம் ஏது, ராத்திரி ஏது? எலும்பைத் தொடும் குளிர், ஓயாத இரைச்சல், சூடேறிய தூசியின் வாடை, அவ்வளவுதான்.

ஆபீஸில் அவனுக்குப் பட்டப்பெயர் 'பின்வாசல்'. யார் வீட்டுக்குப் போனாலும் பின்வாசல் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவான் என்று கேலி செய்வார்கள். போன வாரம் நோயாளிகளின் விவரங்களையெல்லாம் புது மெஷினுக்கு மாற்றினார்கள். புதுசு சொதப்பினால் பழசுக்கே திரும்ப வேண்டுமே! அதனால் பழைய மெஷினை அணைக்காமல் கேபிளை மட்டும் பிடுங்கி வைத்திருந்தான். செருகினால் போதும், இரண்டும் பேசிக்கொள்ளும்.

புதுசு சொதப்பவில்லை. பழசை அணைக்கச் சொல்லி மேலாளர் காலையிலிருந்து நச்சரிக்கிறார்.

அவனுக்குத்தான் கை வரவில்லை. மாற்றம் நடந்த அன்று, மாடியில் ஒன்பதாம் படுக்கையில் அவன் அக்கா இருந்தாள். தண்ணீர் கேட்டாள். "போயிட்டு வரேன்க்கா, ஒரு நிமிஷம்" என்று கீழே ஓடி வந்தான். வேலை முடிந்து ஏறிப் போனபோது போர்வை முகத்தை மூடியிருந்தது. ஊருக்கெல்லாம் திரும்பும் வழி வைத்த பாவி, சொந்த அக்காவிடம் திரும்பிப் போகவில்லையே!

சாவு பதிவானது புதுசில்தான்; பழைய மெஷினில் மட்டும் அவள் இன்னும் சாகவில்லை. கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று திறந்தான்.

ஒன்பதாம் படுக்கை. நாடித்துடிப்பு பதிவாகியிருந்தது.

இன்றைய தேதியில்.

கேபிள் தரையில்தான் கிடந்தது.

அவன் பார்க்கப் பார்க்க, கீழே ஒரு வரி சேர்ந்தது: தண்ணீர் கேட்கிறார்.

அப்புறம் இன்னொன்று: தம்பி வந்தாச்சா என்று கேட்கிறார்.

ஓடிவிடு என்றது புத்தி. பாவி மனசு கேட்கவில்லை. கேபிளை எடுத்துச் செருகினான்.

உடனே போன் அடித்தது. வார்டு நர்ஸ்தான்.

"சார், ஒன்பதாம் பெட்டுல மணி அடிக்குது. பெட்டுல யாருமே இல்ல சார்."

மாடிக்கு ஓடினான். தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, வெறும் படுக்கையின் பக்கத்தில் வைத்தான். நர்ஸ் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

தம்ளரில் தண்ணீர் மட்டம் மெல்ல இறங்கியது.

அவன் உடைந்து அழுதான். அழுதுகொண்டிருக்கும்போதே மேலாளரின் போன் வந்தது. "எங்கப்பா போயிட்டே? பழசை நானே அணைச்சுட்டேன். உன் பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டாச்சு" என்று சிரித்தார்.

வந்தவள் இனி எந்த வழியாகத் திரும்புவாள்?

தம்ளர் காலியாகிவிட்டது. மெதுவாக எழுந்தான்.

"போயிட்டு வரேன்க்கா" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

படுக்கையின் தலைமாட்டில் இருந்த திரை விழித்துக்கொண்டது. புது மெஷினின் பளிச்சென்ற எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது.

இந்தத் தடவை தம்பியைப் போக விட வேண்டாம் என்கிறார்.