சூடு தாங்கும் பலகை

அண்ணன் கணினியின் பொத்தானை ஏழாவது முறையாக அழுத்தினான். உள்ளே விசிறிகூடச் சுற்றவில்லை. கருகிய வாடை மட்டும் லேசாக வந்தது.

"என்னடா செஞ்சே?" அப்பா கேட்டார். அவர் தச்சு வேலை செய்பவர். சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே வந்து நின்றார்.

"கொஞ்சம் வேகம் கூட்டிப் பார்த்தேன்பா."

"நல்லா ஓடிட்டிருந்ததை ஏன்டா நோண்டுறே?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

தங்கை சுண்டு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயதுக்கு உயரம் கொஞ்சம் குறைவு. அதனால் அவளை எல்லோரும் சுண்டு என்றே கூப்பிட்டார்கள்.

அவள் ஓர் எறும்பை வைத்துக் கார்ட்டூன் படம் செய்திருந்தாள். நானூறு ஓவியங்கள்! வண்ணம், நிழல் எல்லாம் சேர்த்து அவற்றைப் படமாக்க, கணினி காலையிலிருந்து இருட்டும்வரை எடுத்துக்கொண்டது. நடுவில் ஒரு தப்பு கண்ணில் பட்டால் மறுபடியும் முதலிலிருந்து. "ஆமையே தேவலாம்!" என்று வாரம் முழுக்கப் புலம்பியவள் அவள்தான். அண்ணன் வேகம் கூட்டியதும் அவளுக்காகத்தான்.

ஆனால் அதை அவன் சொல்லவே இல்லை.

"அப்பா, திட்டாதீங்க. நான்தான் கேட்டேன்" என்றாள் சுண்டு.

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓ, கூட்டுக் களவாணிகளா? சரி, எது கெட்டுப்போச்சு?"

"மதர்போர்டுப்பா. எல்லாப் பாகத்தையும் இணைக்கிற பலகை."

"பலகைதானே? முதல்லயே சொல்ல வேண்டியதுதானே! போய் வேற வாங்கிட்டு வரலாம். ஆனா சாதாரணமா ஒண்ணு. இனிமே வேகமெல்லாம் வேண்டாம்."

அண்ணன் கருகிய போர்டைக் கவனமாகக் கழற்றினான். சுண்டு அப்பாவின் அளவு டேப்பை எடுத்து வந்து, பெட்டிக்குள் போர்டு உட்காரும் இடத்தை அளந்து நோட்டில் குறித்தாள். பழைய நினைவகப் பட்டைகள் இரண்டையும் ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

கடையில், காதுக்குப் பின்னால் ஸ்குரூடிரைவரைச் செருகிய மெக்கானிக் அக்கா போர்டைத் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த பிராசஸரைக் கழற்றித் தன் மேஜையில் இருந்த கணினியில் மாட்டினார். திரை ஒளிர்ந்தது.

"மூளை பிழைச்சிடுச்சு! பலகைதான் போயிடுச்சு. இந்த ஓரத்தைப் பாருங்க. பிராசஸருக்கு மின்சாரம் போற வழி இது. வேகத்தைக் கூட்டினா மின்சாரம் அதிகமா இழுக்கும். சூடாகும். சூட்டை வாங்கிக்க மேல ஒரு உலோகத் தகடு வேணும். இதுல இல்ல."

சுண்டு கொஞ்சம் யோசித்தாள். "அக்கா, வேகம் கூட்டினது தப்பா? இல்ல, தாங்காத போர்டுல கூட்டினது தப்பா?"

அக்கா சிரித்தார். "நல்லாக் கேட்டே! இந்தப் பிராசஸர் வேகம் கூட்டலாம்னே செஞ்ச ரகம். போர்டும் அதுக்கு ஒத்துழைக்கணும். அவ்வளவுதான்."

"கைரம்பத்தை வச்சுத் தூணை அறுத்திருக்கான்" என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் குறைந்திருந்தது.

"இந்தப் பிராசஸர் பொருந்துற போர்டு மூணு இருக்கு" என்று அக்கா மேஜைமேல் பரப்பினார்.

முதல் போர்டின் ஓரமெல்லாம் வானவில் விளக்குகள். அண்ணனின் கண்களும் சேர்ந்து மின்னின. "இதுதான்! இதேதான்!"

சுண்டு டேப்பை வைத்தாள். "ஆறு சென்டிமீட்டர் நீளம் அதிகம். நம்ம பெட்டிக்குள்ள போகாது."

"கொஞ்சம் சாய்ச்சு வச்சா..."

"இது என்ன கட்டிலா, சாய்ச்சு நுழைக்க?" என்றார் அப்பா.

நினைவகப் பட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள் சுண்டு. பட்டையின் வெட்டு ஓரிடத்தில் இருந்தது. போர்டின் பள்ளத்தில் தடுப்பு வேறிடத்தில் இருந்தது. அதுவும் சேராது.

இரண்டாவது போர்டு அளவில் சரியாக இருந்தது. வெட்டும் பொருந்தியது. அப்பா பையைத் திறந்தார். "இதையே கட்டிக் குடுங்க."

"இருங்கப்பா" என்றாள் சுண்டு. மின்சாரம் போகும் ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். "இதுலயும் தகடு இல்லையே!"

மூன்றாவது போர்டின் அட்டைப்பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருந்தது. வெளியே எடுத்தால், விளக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் கனமான தகடுகள். அளவு சரி. வெட்டும் சரி.

"இது வேகம் கூட்ட விடுமா, அக்கா?"

"தாராளமா. அழகா இல்லன்னு யாரும் எடுக்கல. அதான் இங்கேயே கிடக்குது."

"லைட்டே இல்லையே..." அண்ணன் இழுத்தான்.

"மூடின பெட்டிக்குள்ள யாரு உக்காந்து வேடிக்கை பார்க்கப் போறா?" என்றாள் சுண்டு.

அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பா டேப்பை வாங்கித் தானும் ஒருமுறை அளந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

மறுநாள் விடுமுறை. அண்ணன் புதுப் போர்டை மாட்டி, ஒவ்வொரு படியாக வேகம் கூட்டினான். ஒவ்வொரு படியிலும் கால் மணி நேரம் ஓடவிட்டு, திரையில் தெரிந்த வெப்ப அளவைச் சுண்டு எழுதினாள். மூன்று படிவரை எண் மெதுவாக ஏறியது. நான்காவதில் ஒரே தாவலாகத் தாவியது.

"போதும். ஒரு படி இறக்கிடு" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே?"

அவள் கருகிய பழைய போர்டைக் காட்டினாள். அண்ணன் உடனே இறக்கினான்.

எறும்புப் படம் தயாரானபோது, தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. முன்பைவிட ஒன்றரை மணி நேரம் மிச்சம்! ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய இலையைத் தூக்கிக்கொண்டு தடுமாறி, விழுந்து, எழுந்து போவதை மூவரும் பார்த்தார்கள். எறும்பு தும்மியபோது அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஒரு தடவை போதாமல், மறுபடியும் போடச் சொன்னார்.

பிறகு சுண்டுவின் நோட்டை எடுத்து, எண்களை விரலால் தடவிப் படித்தார்.

"ஏன் சுண்டு, ஜன்னலைத் திறந்து வச்சா அந்த நாலாவது படியும் தாங்குமோ?"

"அப்பா!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.