நாக்குக்கு அடியில் ஒரு பொய்

மனைவி ஜூஸ் டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்த பிறகுதான் கணவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

"வலிக்குது... இடது பக்கம்... கையெல்லாம் இழுக்குது..."

அவள் பதறவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கார் சாவியைத் தேடினாள்.

பதறுகிற அளவுக்குப் பாசம் மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் ஊதா ஸ்கூட்டர்காரி துடைத்துக்கொண்டு போய்விட்டாள். கணவனோடு ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் இருக்கிறது என்று இவன் சென்ட் அடித்துக்கொண்டு கிளம்பினால், அந்த ஊதா ஸ்கூட்டர் எந்த வாசலில் நிற்கும் என்பது மனைவிக்கு அத்துப்படி.

விவாகரத்து?

கொடுத்தால் அவன் சந்தோஷமாக இருப்பான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கும் அதில் ஆர்வமில்லை. வீடு அவள் பெயரில் இருந்தது.

காரில் அவன் கண்களை மூடி முனகிக்கொண்டே வந்தான். சிக்னலில் வண்டி நின்றபோது, அவன் நெற்றியைத் துடைக்கத் துணி தேடி டாஷ்போர்டைத் திறந்தாள்.

ஒரு மாத்திரை அட்டை.

நீல நிற மாத்திரைகள். படுக்கையறைக்கென்றே ஆண்கள் வாங்குகிற சமாச்சாரம். ஒரு குழி மட்டும் காலி.

நேற்று இது இங்கே இல்லை. அப்படியானால் இன்று காலையில்தான் விழுங்கியிருக்கிறான். ஊதா ஸ்கூட்டரைப் பார்க்கப் போகிற உற்சாகத்தில்! தப்பு செய்கிற புருஷனுக்குத்தான் திடீரென்று பெண்டாட்டிக்கு ஜூஸ் பிழிந்து கொடுக்கத் தோன்றும்.

அட்டையை அவள் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சிக்னலில் பச்சை விழுந்தது. அவள் மனசுக்குள்ளும்தான்.

அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். இதயத்தை ஸ்கேன் எடுக்க வருகிற ஆண்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். 'அந்த' மாத்திரை சாப்பிட்டீர்களா? ஏனென்றால் ஸ்கேனுக்கு முன்னால் நாக்குக்கு அடியில் ஒரு மருந்து அடிப்பார்கள். ரத்தக்குழாய் விரியும், படம் பளிச்சென்று வரும். அந்த மாத்திரையும் இந்த மருந்தும் உடம்புக்குள் சந்தித்துக்கொண்டால் பிரஷர் பாதாளத்துக்குப் போய்விடும். ஆள் காலி.

கேள்வியைக் கேட்டதும் ஆண்கள் முதலில் பக்கத்தில் நிற்கும் மனைவியைப் பார்ப்பார்கள். அப்புறம் 'இல்லை' என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் ஸ்கேன் மேஜையிலேயே கண் செருகிப் போக, டாக்டர்கள் படாத பாடு பட்டு மீட்டார்கள். அதை அவள் சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தபோது கணவனும் சேர்ந்து சிரித்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் திரைச்சீலைக்குப் பின்னால் அவனைப் படுக்க வைத்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் இளவயசுக்காரர், தூக்கம் பற்றாத முகம்.

"ஈசிஜி நார்மல். பிளட் டெஸ்ட்டும் பரவாயில்ல. ஆனா வலிக்குதுன்னு சொல்றாரே. ஹார்ட்டை ஒரு சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். ரத்தக்குழாய்ல அடைப்பு இல்லன்னா பயமில்ல, வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"எடுத்துடுங்க டாக்டர்," என்றாள் மனைவி. கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டாளோ?

நர்ஸ் வந்தாள். ஆஸ்துமா உண்டா, கிட்னியில் கோளாறு உண்டா என்று வரிசையாகக் கேட்டவள், மனைவியைப் பார்த்துத் தயங்கினாள். கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள்.

"நான் பக்கத்துல இருந்தாதான் அவருக்குத் தைரியம் சிஸ்டர்."

கணவனின் கையை எடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். நர்ஸ் வேறு வழியில்லாமல் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்த மாதிரி மாத்திரை... நேத்து, இன்னிக்கு ஏதாவது...?"

கணவன் முதலில் மனைவியைப் பார்த்தான்.

"இல்ல சிஸ்டர்."

செத்தான்!

மனைவி அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். ஸ்ட்ரெச்சர் உருண்டது. ஸ்கேன் அறைக் கதவு மூடிக்கொண்டது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். எந்த நேரமும் உள்ளே மணி அடிக்கும். நர்ஸுகள் ஓடுவார்கள். இவள் எழுந்து நின்று கதற வேண்டும். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்தாள்.

நெஞ்சு இறுக்கியது.

இவளுக்கு நிஜமாகவே இதயத்தில் ஒரு சின்ன அடைப்பு உண்டு. இறுக்கினால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை. ஸ்கேனில் அடிக்கிற மருந்துக்கு அது தங்கச்சி முறை. பதற்றமோ சந்தோஷமோ, அவள் கை முதலில் கைப்பைக்குத்தான் போகும். கட்டின புருஷனுக்கு இது தெரியாதா என்ன?

ஒன்றை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

மணி அடிக்கவில்லை. கதவு திறந்து ஸ்ட்ரெச்சர் வந்தது. அதன்மேல் கணவன் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். கூடவே டாக்டர், கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்துவிட்டு வந்த பூரிப்போடு.

"கண்ணாடி மாதிரி இருக்கும்மா இவர் ஹார்ட். ஒரு அடைப்புகூட இல்ல. இந்த நெஞ்சு வலி எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல."

மனைவிக்குப் புரியவில்லை. மாத்திரையை விழுங்கினவன் எப்படி...?

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாத்திரை கரைந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி.

ஜூஸ்... காலையில் கொஞ்சம் கசந்ததே. கொட்டையையும் சேர்த்து அரைத்துவிட்டான் என்று நினைத்தாளே.

விழுங்கினது அவன் இல்லை!

சுவர் சாய்ந்தது. தரை எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தது. தூரத்தில் யாரோ பிரஷர் இறங்குகிறது என்று கத்தினார்கள். இதய நோயாளி, புருஷனுக்கு வலி என்ற அதிர்ச்சி, அதுவும் ஆஸ்பத்திரியிலேயே சாவு. எவன் சந்தேகப்படுவான்? டம்ளரைக்கூட அவளே கழுவி வைத்துவிட்டாள்.

"சார், வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா?" நர்ஸின் குரல்.

"இல்ல சிஸ்டர்."

அவன் சொன்ன முதல் 'இல்லை' உண்மை. இதுதான் பொய்.

ஆனால் நர்ஸ் கைப்பையைக் கவிழ்த்துவிட்டாள். சீப்பு விழுந்தது. சாவி விழுந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை பாட்டில் உருண்டது. அதன் பின்னாலேயே நீல மாத்திரை அட்டையும் விழுந்தது, ஒரு குழி காலியாக. டாக்டருக்கு அது போதும். அடுத்து என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று புரிந்துவிட்டது.

மாலையில் மனைவி கண் விழித்தாள். கால்மாட்டில் கணவன் நின்றிருந்தான், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைத்துப்போய். நர்ஸ் அட்டையைக் காட்டினாள்.

"இது எப்படிம்மா உங்க உடம்புக்குள்ள போச்சு? யாராவது குடுத்தாங்களா? பயப்படாம சொல்லுங்க, போலீஸுக்குச் சொல்லிடலாம்."

மனைவி முதலில் கணவனைப் பார்த்தாள்.

"இல்ல சிஸ்டர். கார்ல கிடந்துச்சு. தலைவலி மாத்திரைன்னு நினைச்சு நானே போட்டுக்கிட்டேன்."

நர்ஸ் நம்பாத முகத்தோடு போனாள். கணவன் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். குனிந்து கிசுகிசுத்தான்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஜெயில்ல போட்டுடுவாங்க." அவள் அவன் சட்டைக் காலரை ஆசையாக நீவிவிட்டாள். "அப்புறம் நீங்க என் கைக்கு எட்ட மாட்டீங்களேங்க."

டாக்டர் வந்தார். நாளைக் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"ரெண்டு பேரும் பிழைச்சது பெரிய விஷயம். வீட்டுக்குப் போய் ஒருத்தரை ஒருத்தர் நல்லாப் பாத்துக்குங்க."

"பாத்துக்கறேன் டாக்டர்." அவள் இனிமையாகச் சிரித்தாள். "நாளையிலேருந்து ஜூஸ் நான் போடறேன்."

கணவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

இந்த முறை நிஜமாகவே வலித்தது!