அழுகைப் பெட்டி

மத்தியானம் நான் ஹில்க்கா வீட்டுக்குப் போனபோது எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. பூட்ஸைக் கழற்றினேன். காபி வாசனை வந்தது. அவள் மகன் தூக்கோவுக்கு இரண்டு வயது. வாரத்தில் மூன்று நாள் அவனைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். தொண்டையில் துளை போட்டு வைத்த குழாய் வழியாகத்தான் அவனுக்கு மூச்சு. அழுதால் வாய் கோணும், கண்ணீர் வழியும், சத்தம் மட்டும் வராது.

கட்டில் காலியாக இருந்தது.

"வெளிய தூங்கறான்" என்றாள் ஹில்க்கா.

எங்கள் ஊரில் பிள்ளைகள் பகலில் பனியில்தான் தூங்குவார்கள், தள்ளுவண்டிக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு. நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் குளிரில் சளி இறுகினால் குழாய் அடைத்துவிடும். 

"உனக்கென்ன பைத்தியமா?"

"நாலு ராத்திரியா நான் கண்ண மூடல, ரைலி. வண்டில போட்டதும் தூங்கிட்டான். பெட்டி இருக்குல்ல."

மேஜைமேல் அழுகைப் பெட்டி. வண்டியில் பிள்ளை அழுதால் அதில் கேட்கும், எல்லா வீட்டிலும் இருப்பதுதான். குரலே இல்லாத பிள்ளைக்கு அதை நம்பியிருக்கிறாளே என்று எனக்குக் கோபமும் பரிதாபமும் சேர்ந்தே வந்தன. பின்கதவுக்குத் திரும்பினேன்.

பெட்டி அழுதது.

வீறிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் வீறிட்டு.

ஹில்க்காவின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு வெளுத்தது.

"அது யாரு?" என்று கிசுகிசுத்தாள்.

ஓடினோம். தூக்கோ நீலம் பாய்ந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. அடைத்த குழாயை உருவி, வண்டியோரம் தொங்கிய பையிலிருந்து வேறொன்றை எடுத்துச் செருகினேன்.  மூச்சு வரவில்லை. பிறகு, சீழ்க்கை மாதிரி, வந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தோம். வண்டியில் யாரும் இல்லை.

பெட்டி இன்னும் அழுதுகொண்டிருந்தது.

அணைக்கப் போன என் மணிக்கட்டை ஹில்க்கா பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். நீ மூணு நாள்தான் வர்ற. மத்த நாள்ல எனக்கு யாரு சொல்லுவா?"

இரண்டு நாள் கழித்துப் போனேன். தூக்கோ உள்ளே கட்டிலில் இருந்தான். பின்வாசலில் காலி வண்டி, அதில் புதுக் கம்பளி விரித்திருந்தது. காலையிலிருந்து பெய்த பனி அதன்மேல் படிந்திருந்தது. நடுவில் மட்டும், ஒரு பிள்ளை படுக்கும் அளவுக்கு, உருகிப் போயிருந்தது.

தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

ஹில்க்கா பின்கதவுக்கு உள்ளே நின்று உதட்டில் விரல் வைத்தாள்.

"கதவ மெதுவா சாத்து. இப்பதான் தூங்குச்சு."

நானும் மெதுவாகத்தான் சாத்தினேன்.