கன்னத்து நிறம்

பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் அவள் சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலில் எதுவும் ஒட்டவில்லை. ஆனால் விரலை எடுத்த இடம் வெளுத்துப்போயிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து பிங்க் மெல்ல ஊறி வந்து அந்த வெள்ளையை மூடிக்கொண்டது. ரத்தம் ஓடுகிறதா என்று டாக்டர் நகத்தை அழுத்திப் பார்ப்பாரே, அப்படி.

ஒழுங்காகத் தூங்காத கண்ணுக்கு என்ன வேண்டுமானாலும் தெரியும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

மகளின் அறைக்கு இந்த பிங்க்கைப் பிடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிங்க் என்றால் ஒரே பிங்க்கா என்ன? ஷேட் கார்டைப் பிரித்தால் ஒன்று பல்பொடி நிறம், ஒன்று இருமல் மருந்து நிறம், இன்னொன்று கடையில் சாதுவாக இருந்துவிட்டு வீட்டுச் சுவரில் ஏறியதும் கூச்சல் போட்டது. சாம்பல் நிறத் திரைச்சீலைக்கு ஒத்துப்போனது வெள்ளை அலமாரிக்கு ஒத்துப்போகவில்லை. பகலில் பிடித்தது விளக்கைப் போட்டதும் பிடிக்கவில்லை. "நீ கலர் முடிவு பண்றதுக்குள்ள குட்டி காலேஜுக்கே போயிடுவா" என்று கணவன் கிண்டலடித்துவிட்டு வேலை விஷயமாக வெளியூர் போய்விட்டான்.

கடையில் நிறத்தைப் படிக்கிற சின்ன மெஷின் ஒன்று இருந்தது. துணியோ பூவோ, எதன்மேல் வைத்து அழுத்தினாலும் அதே நிறத்தைக் கலந்து தந்துவிடுவார்கள். வெயிலில் ஓடியாடிவிட்டு வந்து நின்ற குட்டியின் கன்னம் அப்போது நன்றாகச் சிவந்திருந்தது. மெஷினை விளையாட்டாக வாங்கி மகளின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

"இதோ, இந்த பிங்க்தான் வேணும்."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். குட்டி மட்டும் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, அது கடிச்சிடுச்சு."

யார் அதைக் காதில் வாங்கினார்கள்?

முதல் சுவர் அடித்த அன்று குட்டி விளையாடப் போகாமல் சுருண்டு படுத்தாள். அடுத்த சுவர் முடிந்தபோது படியேறவே மூச்சு வாங்கியது. ரத்தம் குறைந்திருக்கிறது என்று டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். பெயிண்ட் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்து மகளை ஹால் சோபாவுக்கு மாற்றினாள். இரண்டாவது கோட் ஏற ஏற அந்த அறை பூரித்துக்கொண்டே வந்தது. பிங்க் கூரையில் விழுந்தது, திரைச்சீலையில் விழுந்தது, கண்ணாடியில் பார்த்தால் அவள் முகத்திலும் விழுந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கண் பட்டுவிடும் என்றார்கள். ஹாலில் குட்டியின் உதடும் நகமும் பிரைமர் அடித்ததுபோல் வெளுத்துக்கொண்டிருந்தன.

இப்போது ஹாலுக்கு ஓடினாள். தூங்குகிற மகளின் கன்னத்தில் அதே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். காத்திருந்தாள். அழுத்திய இடத்துக்கும் அழுத்தாத இடத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

சாப்பிடப் போயிருந்த பெயிண்டருக்கு போன் போட்டாள்.

"அண்ணா, வெள்ளை பெயிண்ட் வாங்கிட்டு வாங்க. நாலு சுவத்தையும் மூடிடுங்க. இப்பவே."

"என்னக்கா சொல்றீங்க? இவ்வளவு அம்சமா வந்திருக்கு..."

"உங்க கால்ல விழறேன். எதுவும் கேக்காதீங்க."

அவர் வரும்வரை பொறுக்க முடியவில்லை. மூலையில் கிடந்த பட்டி பார்க்கும் தகட்டை எடுத்துச் சுவரைச் சுரண்ட ஓர் இழுப்பு இழுத்தாள்.

ஹாலில் குட்டி வீறிட்டாள்.

ஓடிப்போய்ப் பார்த்தால் மகளின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளமாகத் தோல் உரிந்திருந்தது. ரத்தம் வரவில்லை. வருவதற்கு உள்ளே எதுவும் இல்லை. தகடு கையிலிருந்து நழுவி விழுந்தது. சுரண்டக் கூடாது. சுரண்டவே கூடாது. அப்படியென்றால் எடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது? கடவுளே, தொட்டுத்தானே எடுத்தது? தொட்டால் கொடுக்காதா?

மகளை வாரித் தூக்கிக்கொண்டு அறைக்குள் நுழைந்தாள். பெயிண்ட் வாசனை போன இடம் தெரியவில்லை. குளிப்பாட்டித் துவட்டிய பிள்ளையின் கழுத்து வாசனைதான் அறை முழுக்க இருந்தது. சுவர் கதகதப்பாக இருந்தது. காதை வைத்தாள். உள்ளே எங்கோ சின்னதாக, வேகமாக, ஒரு துடிப்பு.

குட்டியின் கன்னத்தை அதன்மேல் சாய்த்து வைத்தாள்.

"சூடா இருக்கும்மா" என்றாள் குட்டி, கண்ணைத் திறக்காமல். "நல்லா இருக்கு."

காது மடல் சிவந்தது. பிறகு உதடு. பிறகு நகங்கள் ஒவ்வொன்றாக. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இன்னும் கொஞ்ச நேரம், செல்லம். அப்படியே இரு" என்று சொல்லி மகளின் முதுகில் கைவைத்து இன்னும் நெருக்கமாகச் சுவரோடு அழுத்தினாள்.

வாசலில் செருப்புச் சத்தம். பெயிண்டர். கதவைப் பார்த்து ஒரே ஒரு முறை தலையைத் திருப்பினாள்.

கையில் கனம் குறைந்தது.

திரும்பினாள். கையில் கவுன் இருந்தது. கவுன் மட்டும். இன்னும் சூடாக.

"குட்டி?"

கட்டிலுக்கு அடியில் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இல்லை. அறைக்கு வேறு வழியும் இல்லை. சுவர் மட்டும் இருந்தது. முன்பைவிடச் செழிப்பாக. முன்பைவிட அழகாக. இப்போது அது எல்லாவற்றோடும் ஒத்துப்போனது.

ஹாலில் வாளியின் மூடி நெம்பித் திறக்கும் சத்தம் கேட்டது. பெயிண்டை ஊற்றும் சத்தம். ரோலரை முக்கி வழிக்கும் சத்தம்.

"அக்கா, எந்தச் சுவத்துல ஆரம்பிக்கட்டும்?"

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள்.

கண்ணுக்கு எதிரே, குட்டியின் உயரத்தில், பிங்க் சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஐந்து சின்ன விரல்கள் அழுத்தினால் எப்படி வெளுக்குமோ அப்படி.

சுவருக்கு இந்தப் பக்கம் எந்த விரலும் இல்லை.