ஓடக் கூடாத இடத்தில் ஓடிய நிரல்

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 9.10. ஃபேரர் பார்க்கில் மளிகைக்கடை ஒன்றின் மாடியிலிருந்த சிறிய அலுவலகத்தில், மென்பொருளைக் கட்டித்தரும் சர்வர் பாதி வேலையில் நின்றது. சாங்கி கிடங்கில் மருந்துப் பெட்டிகளின் குளிர்ச்சியை அளக்கும் கருவிக்கு உரிய மென்பொருள் அது. மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேரவேண்டும்.

கடைசியாக அதைத் திருத்தியவர் கோவிந்தராசு. அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் படிவம் மேலாளர் ஞானசேகரனின் மேசைமேல் இருந்தது. ஞானசேகரன் கையெழுத்திடாமல் பேனாவை மூடினார்.

“நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு. நீ கை வச்ச, படுத்துடுச்சு.”

“என் லேப்டாப்ல இப்பவும் பில்ட் ஆகுது சார்.”

“அப்ப உன் லேப்டாப்பையே சாங்கிக்கு அனுப்பிடலாமா?”

நூருன்னிசா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இம்மென்பொருளை முதலில் எழுதியவர்களுள் ஒருவர். இப்போது சோதனைப் பிரிவில் இருப்பவர்.

9.40. கோவிந்தராசுவின் திருத்தத்தை நீக்கிவிட்டுச் சென்ற வாரத்து நிரலையே சர்வரில் ஓட்டினார். அதுவும் அதே இடத்தில் விழுந்தது.

“ராசு குற்றவாளி இல்ல லா. சர்வர்ல யார் கை வச்சா?”

“நான்தான்,” என்றார் ஞானசேகரன். “நேத்து ஆறு மணிக்கு எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசா போட்டேன். சர்வர்ல இருக்க வேண்டியதோட பட்டியல்ல இருந்தது ஒண்ணு விடல.”

“பட்டியல்ல இல்லாதது?”

“அது குப்பைதானே?”

10.25. மற்றவர்கள் பிழைப் பதிவின் கடைசி வரியையே பார்த்திருந்தார்கள். நூருன்னிசா மேலே சென்று முதற்பிழையைத் தேடினார். வெப்ப அட்டவணையைக் கணக்கிடும் ஒரு சிறு நிரலை இயக்க முடியவில்லை என்றிருந்தது.

“ராசு, உன் லேப்டாப்ல எமுலேட்டர் இருக்கா?”

“இருக்குக்கா. வீட்ல கருவி இல்லல்ல, அதுலதான் ஓட்டிப் பாப்பேன்.”

“அதான்!” நூருன்னிசா மேசையைத் தட்டினார். “கருவியோட சிப் வேற, நம்ம சர்வர் சிப் வேற. கருவிக்குக் கட்டினது இங்க ஓடாது. ஆனா அட்டவணை போடற குட்டி நிரல் இங்கயே ஓடணும். அதையும் கருவி சிப்புக்கு ஏத்தபடி மாத்திக் குடுக்கற கம்பைலர்லயே கட்டியிருக்கு. துடைக்கறதுக்கு முன்னாடி சர்வர்ல, கருவி சிப் மாதிரியே நடிக்கிற எமுலேட்டர் இருந்துச்சு, உன் லேப்டாப்ல இருக்கிற மாதிரி. சத்தமில்லாம ஓட்டிக் குடுத்துச்சு. சார் துடைச்சதுல அது போயிடுச்சு.”

“அப்ப குற்றவாளி நானா?”

“இல்ல சார். கருவி கம்பைலர்லயே கட்டச் சொல்ற அந்த வரிய எழுதினவங்க.” திரையில் மூன்றாண்டுக்கு முந்தைய தேதியும் எழுதியவர் பெயரும் தெரிந்தன. “நூருன்னிசா. எமுலேட்டரப் போட்டதும் நான்தான்; பட்டியல்ல எழுதல. நீங்க துடைக்கலன்னா இது வெளியவே வந்திருக்காது. நன்றி சார்.”

ஞானசேகரன் கோவிந்தராசுவின் பக்கம் திரும்பினார். “விசாரிக்காம பேசிட்டேன்ப்பா.”

“பரவால்ல சார். அக்கா எந்திரிக்கலன்னா நான் மூட்டை கட்டியிருப்பேன்.” அவர் நூருன்னிசாவைப் பார்த்தார். “ரொம்ப நன்றிக்கா.”

“குத்தமே என்னுது. எனக்கு எதுக்கு நன்றி?”

“மறைக்காம சொன்னீங்களே.”

பின்வருமாறு முடிவாயிற்று: சிறு நிரல் இனிச் சர்வருக்குரிய கம்பைலரால் கட்டப்படும். சர்வரில் எமுலேட்டர் வைக்கப்படாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் துடைத்த கணினியில் முழுமையாகக் கட்டிப் பார்க்கப்படும். மென்பொருள் பிற்பகல் 3.35-க்குச் சாங்கி சென்றது. படிவத்தில் ஞானசேகரன் அதற்கு முன்பே கையெழுத்திட்டிருந்தார்.